மார்த்தாண்டத்துல இருந்து ஒரு நாள் திருவனந்தபுரம்: கோயில் முதலா, பாளையம் முதலா?

மார்த்தாண்டம் வேன்:
வர்ற ஞாயிறு பன்னிரண்டு பேர் ஒரு வேன்ல போறோம். பத்மநாபசுவாமி கோயில், பாளையம் சர்ச், பள்ளிவாசல், முடிஞ்சா வெட்டுக்காடு சர்ச். கூட்டத்துல இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் எல்லாரும் உண்டு. எதை முதல்ல பாக்க?

குழித்துறை அண்ணாச்சி:
கோயில்தான் முதல்ல. அங்க நடை நாள் முழுக்கத் திறந்திருக்காது. காலையிலேயே பல தடவை அடைச்சுத் திறப்பாங்க. உச்சிக்கு அடைச்சா அப்புறம் சாயங்காலம் 5 மணிதான். தாமதமாப் போனா வரிசையில நிக்கும்போதே நடை சாத்திருவாங்க.

ஆம்பளைங்க வேட்டி கட்டணும், சட்டை பனியன் கூடாது. பெண்களுக்குச் சேலை, சுடிதார்னா மேல ஒரு முண்டு சுத்தணும். முண்டை வாசல்ல போய்த் தேடாம வீட்டுல இருந்தே கொண்டு போங்க. செல்போன், கேமரா எல்லாம் வேன்லயே இருக்கட்டும். கவுண்டர்ல கொடுத்தா, திரும்ப வாங்க இன்னொரு வரிசை நிக்கணும்.

ஒற்றைக்கல் மண்டபத்துல ஏறினா மூணு வாசல். பெருமாள் தெற்கே தலை வச்சு 18 அடி நீளத்துக்குப் பள்ளி கொண்டிருக்காரு. இடது வாசல்ல திருமுகமும், சிவலிங்கத்து மேல தொங்குற வலக்கையும். நடு வாசல்ல நாபித் தாமரையும் பிரம்மாவும். கடைசியில திருவடி. முதல் வாசல்லயே ரொம்ப நேரம் நின்னுட்டா, பின்னால தள்ளுற தள்ளுல மத்த ரெண்டும் ஓட்டத்துல போயிரும். அந்தக் கல்லு மேல விழுந்து கும்பிடக் கூடாது. அது திருவிதாங்கூர் மன்னருக்கு மட்டும் உள்ள வழக்கம்.

பாறசாலை டீச்சர்:
அண்ணாச்சி சொன்ன விவரம் எல்லாம் சரி, வரிசைதான் சரியில்லை. அந்தக் கோயிலுக்குள் இந்துக்கள் மட்டும்தான் போகலாம். சேர்ந்து கிளம்பியவர்களில் சிலரைக் கோயிலின் கிழக்கு வாசலில் நிறுத்திவிட்டா நாளைத் தொடங்குவது? எல்லோரும் சேர்ந்து போகக்கூடிய இடத்துக்கு முதலில் போகட்டும்.

பாளையத்தில் 1873இல் கட்டிய சூசையப்பர் பேராலயம், ஜும்ஆ பள்ளிவாசல், கணபதி கோயில் மூன்றும் பக்கம் பக்கம். பள்ளிவாசலுக்கும் கணபதி கோயிலுக்கும் நடுவே ஒரே மதில். அருகிலேயே 1859ஆம் ஆண்டின் கிறைஸ்ட் சர்ச். கொஞ்சம் நடந்தால் எல்.எம்.எஸ். (லண்டன் மிஷன்) வளாகத்தில் 1906இல் கட்டிய மெட்டீர் நினைவு ஆலயம். மயிலாடியில் சபை தொடங்கிய அதே லண்டன் மிஷன்தான். நம் பக்கத்துக்காரர்கள் அதைப் பார்க்காமல் திரும்பக் கூடாது.

ஆனால் ஞாயிறு வேண்டாம். பேராலயத்தில் பூசை நடக்கும்போது நடுவழியில் நின்று படம் எடுப்பதை, ஜெபிக்க வந்தவர்கள் ஏன் பொறுத்துக்கொள்ள வேண்டும்? ஒரு பூசைக்கும் அடுத்ததுக்கும் இடையே கிடைப்பது கொஞ்ச நேரம்தான். நற்கருணை அப்பம் வைத்திருக்கும் பேழை அருகே விளக்கு எரிந்தால் அங்கே ஆண்டவர் இருக்கிறார் என்பது விசுவாசம். பீடத்துப் படியில் ஏறாதீர்கள், ஃப்ளாஷ் போடாதீர்கள். வெள்ளியும் ஆகாது: உச்சிக்கு ஜும்ஆ தொழுகை, வெட்டுக்காட்டிலும் அன்றுதான் கூட்டம். செவ்வாயோ புதனோ போங்கள்.

களியக்காவிளை டிரைவர்:
வார நாள்னா ரோடு யாரு பாக்க, டீச்சரே? களியக்காவிளையில இருந்து பாலராமபுரம் வரைக்கும் ஒடுங்கின பாதை. நெய்யாற்றின்கரையில ஸ்கூல், ஆபீஸ் நேரத்துல மாட்டினா உங்க கணக்கு எல்லாம் தப்பிரும். ஞாயிறு விடியற்காலைன்னா ரோடு காலி. வார நாள்லதான் போவோம்னா வேனை விட்டுட்டுக் குழித்துறையில ரயில் ஏறுங்க. திருவனந்தபுரம் சென்ட்ரல்ல இறங்கினா கோயில் நடக்குற தூரம். பாலராமபுரம் கைத்தறி முண்டு வாங்கணும்னா அது திரும்பும்போது.

குழித்துறை அண்ணாச்சி:
வெளிய நிக்கிறவங்க சும்மா நிக்க வேண்டாமே. கோயில் குளம் பத்மதீர்த்தத்துக்கு எதிர்ல மேத்தன் மணிங்கிற கடிகாரம் இருக்கு: மணி ஆகும்போது அதுல உள்ள தாடிக்காரர் வாயைத் திறப்பாரு, ரெண்டு பக்கமும் ஆட்டுக்கடா வந்து கன்னத்துல முட்டும். பக்கத்துலயே சுவாதித் திருநாள் மன்னர் கட்டின குதிரமாளிகை அரண்மனை. கூரைக்குக் கீழ வரிசையா 122 மரக்குதிரை. திங்கள் மட்டும் லீவு.

பாறசாலை டீச்சர்:
குதிரமாளிகையை எல்லோரும் சேர்ந்தே பார்க்கலாமே, அண்ணாச்சி. தரிசனம் வேண்டியவர்கள் சாயங்காலம் 5 மணிக்குப் போகட்டும். அந்நேரம் மற்றவர்கள் பீமாப்பள்ளி தர்காவுக்குப் போய் வரலாம். யாரும் யாருக்காகவும் வாசலில் காத்து நிற்க வேண்டியதில்லை.

தக்கலையான்:
1795 வரைக்கும் திருவிதாங்கூர் தலைநகரம் நம்ம பத்மநாபபுரம்தான். திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் 22 அடி. 2022 ஜூலை 6ல 418 வருஷம் கழிச்சுக் கும்பாபிஷேகம் நடந்தது. தக்கலையில பீர் முகமது அப்பா தர்கா. கோட்டாறு சவேரியார் பேராலயத்துல புனித தேவசகாயம் கல்லறை. எல்லை தாண்டாமலே மூணையும் ஒரு நாள்ல பாக்கலாம்.

குழித்துறை அண்ணாச்சி:
தக்கலையான் சொல்றதை இன்னொரு நாளைக்கு வச்சுக்கிடுங்க, கேட்டது திருவனந்தபுரம். டீச்சர் சொல்ற சாயங்காலத் தரிசனத்துக்கு நான் ஒத்துக்க மாட்டேன். வெட்டுக்காட்டுல இருந்து கோயில் இருக்குற கிழக்கேகோட்டைக்கு வர்ற வழியில நெரிசல்ல மாட்டினா அன்னைக்குத் தரிசனமே இல்லை, காலையில பிந்தினாலும் அடுத்த நடைதிறப்பு உண்டு. எதுக்கும் பங்குனி, ஐப்பசி ஆறாட்டு (சாமி நீராடப் போற) நாளைக் காலண்டர்ல பாத்துக்கிடுங்க. அன்னைக்கு விமான ஓடுபாதையை மூடி வழிவிட்டு ஊர்வலம் சங்குமுகம் கடற்கரைக்குப் போகும். அந்தச் சாயங்காலம் வெட்டுக்காடு பக்கம் வேனைத் திருப்பாதீங்க.