சம்பளம் 22,000 ஆகிறது, ஈஎஸ்ஐ போய்விடுமா?

கோவையில் பம்ப் கம்பெனியில் அசெம்பிளி வேலை. ஜூலையிலிருந்து 20,500 சம்பளம் 22,000 ஆகிறது. அம்மாவுக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ், ஈஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) மூலம்தான் நடக்கிறது. அதற்கு மாதச் சம்பள உச்சவரம்பு 21,000 என்கிறார்கள். உடனே நின்றுவிடுமா? ஓவர்டைமும் கணக்கில் வருமா?

— மூத்த தொழிலாளி:
உடனே நிற்காது தம்பி. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு பங்களிப்புக் காலம், அதாவது சம்பளத்தில் ஈஎஸ்ஐக்குப் பிடிக்கும் ஆறு மாதம். நடுவில் சம்பளம் கூடினால் செப்டம்பர் முடியப் பிடித்தம் தொடரும். அதற்கான சிகிச்சை உரிமை அடுத்த ஜூன் வரை இருக்கும். உச்சவரம்புக்கு ஓவர்டைம் சேராது. 2017இல் வைத்த 21,000 இது, அரிசி விலையும் வாடகையும் அங்கேயே நின்றுவிட்டனவா?

— கணக்காளர்:
முதல்வர் காப்பீட்டுக்கு ஆண்டு வருமானம் 1,20,000க்குள் இருக்க வேண்டும், அதுவும் உங்களுக்குக் கிடைக்காது. தனியார் பாலிசியில் ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருக்கச் சொல்வார்கள். கம்பெனியில் குழுக் காப்பீடு கேளுங்கள், பெற்றோரையும் சேர்க்கச் சொல்லி.

— கேட்டவர்:
நன்றி அண்ணா. 1,500 ரூபாய் உயர்வுக்காக டயாலிசிஸை இழப்பதா என்று வீட்டில் பெரிய பேச்சு. எச்ஆரிடம் திங்கட்கிழமை கேட்கிறேன்.

— மூத்த தொழிலாளி:
தனியாகப் போகாதீர்கள். 21,000ஐத் தாண்டுகிற எல்லோரும் சேர்ந்து கேளுங்கள். அப்புறம் அரசு மருத்துவமனையிலும் டயாலிசிஸ் உண்டு, இப்போதே விசாரித்துப் பெயர் பதிந்து வையுங்கள்.