8 கோர் லேப்டாப்பா, 14 கோர் பழைய சர்வரா: எது வேகம்?

தொகுப்பான்
வணக்கம் நண்பர்களே. என்னிடம் ரைசன் 7 5800எச் போட்ட லேப்டாப் இருக்கிறது. 2021-இல் வந்த சிப், 8 கோர் (தனித்தனியாகக் கணக்குப் போடும் அலகு), 16 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலை வரிசை). ராம் 32 ஜிபி. இப்போது பழைய சர்வர் ஒன்று கைக்கு வருகிறது. அதில் இருப்பது ஜியான் இ5-2680 வி4. 2016-இல் வந்தது, 14 கோர், 28 த்ரெட், ராம் 128 ஜிபி.

என் வேலை மூன்று. பெரிய சி++ புராஜெக்ட் ஒன்றைத் தினமும் பலமுறை கம்பைல் (எழுதிய நிரலை ஓடும் நிரலாக மாற்றுவது) செய்ய வேண்டும். நாலைந்து விர்ச்சுவல் மெஷின் (ஒரே கம்ப்யூட்டருக்குள் ஓடும் மென்பொருள் கம்ப்யூட்டர்) ஓட வேண்டும். ஒரு போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். கோரை எண்ணினால் சர்வரில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஆனால் ஐந்து வருடம் முந்தைய சிப். எல்லா வேலையையும் அதற்கு மாற்றிவிடலாமா?

ஒற்றைக்கோர்
வேண்டாம். கோர் எண்ணிக்கையை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

2680 வி4-இன் அடிப்படை வேகம் 2.4 கிகாஹெர்ட்ஸ். ஒன்றிரண்டு கோர் மட்டும் வேலை செய்யும்போது 3.3 வரை ஏறும். பதினாலும் சேர்ந்து ஓடினால் 3-ஐத் தொடாது. உங்கள் 5800எச் ஒற்றைக் கோரில் 4.4 வரை போகிறது. அதோடு முடியவில்லை. உங்கள் லேப்டாப்பின் ஜென் 3 வடிவமைப்புக் கோர் ஒரு கிளாக்கில் முடிக்கிற வேலையே, ஜியான் வி4-இன் பிராட்வெல் வடிவமைப்புக் கோர் முடிப்பதைவிட அதிகம். எல் 2 கேஷ் (கோருக்குப் பக்கத்திலேயே இருக்கும் சின்ன வேக நினைவகம்) கோருக்கு 512 கேபி, ஜியானில் 256 கேபிதான். இதையெல்லாம் சேர்த்தால், கோருக்குக் கோர் உங்கள் லேப்டாப் ஒன்றரை மடங்குக்குக் குறையாது. எட்டை ஒன்றரையால் பெருக்கினால் 12. எதிரில் 14. நீங்கள் நினைக்கிற 'இரண்டு மடங்கு' அங்கேயே காணாமல் போய்விட்டது.

ரேக்வாசி
ஒற்றைக்கோர் போட்ட கணக்கிலேயே 14 பெரிதா, 12 பெரிதா?

அந்த 12-உம் நிற்காது. 4.4 என்பது ஒரு கோர், கொஞ்ச நேரம். எட்டும் முழு லோடில் இருந்தால் மெல்லிய லேப்டாப் உடம்புக்குள் அந்த வேகத்துக்கு இடமில்லை. 5800எச்-ஐ 35 முதல் 54 வாட் வரை எப்படி வேண்டுமானாலும் அமைத்துக்கொள்ள லேப்டாப் தயாரிப்பவருக்கு ஏஎம்டி அனுமதி தருகிறது. ஒரே பெயர் போட்ட சிப், இரண்டு லேப்டாப்பில் இரண்டு வேகம் காட்டும். கம்பைல் தொடங்கிய முதல் அரை நிமிடம் பார்க்கிற எண்ணை வைத்து முடிவு கட்டக்கூடாது. பத்து நிமிடம் கழித்து, ஃபேன் கத்துகிறபோது, கிளாக் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். சர்வரில் முதல் நிமிடமும் ஆறாவது மணி நேரமும் ஒன்றுதான். முழு லோடில் நாள் கணக்கில் ஓடுவதற்கென்றே அதன் ஹீட்சிங்க்கும் காற்றோட்டமும் அமைக்கப்பட்டவை.

ஒற்றைக்கோர்
14 பெரிது, சரி. ஆனால் வேலை முழுவதும் 14 கோருக்கும் சமமாகப் பிரிந்தால்தானே?

1967-இல் ஜீன் அம்டால் சொன்ன கணக்கு இன்றைக்கும் பொருந்தும். ஒரு வேலையில் பத்தில் ஒரு பங்கைப் பிரிக்க முடியாது, வரிசையாகத்தான் செய்ய வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஜியான் கோர் மட்டும் அதைச் செய்வதோடு ஒப்பிட்டால், 14 கோர் தருவது சுமார் 6.1 மடங்குதான். 8 கோர் 4.7 மடங்கு தரும். ஆனால் ஒவ்வொன்றும் ஒன்றரை மடங்கு வேகமான கோர் என்பதால் அது 7.1 ஆகிறது. லேப்டாப் முந்திவிட்டது. பிரிக்க முடியாத பகுதி நூற்றில் ஒன்றாகக் குறைந்தால் 12.4-க்கு 11.2, சர்வர் முந்தும். இரண்டும் சமமாகிற இடம் ஏறக்குறைய மூன்றரை சதவீதம். உங்கள் வேலையில் அதற்கு மேல் வரிசைப் பகுதி இருந்தால் கூடுதல் ஆறு கோர் வேடிக்கைதான் பார்க்கும்.

சி++ கம்பைலில் அது எங்கே என்று நீங்களே பார்க்கலாம். ஒவ்வொரு கோரின் வேலையையும் பட்டையாகக் காட்டும் எச்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு பில்டை ஓடவிடுங்கள். கோப்புகள் கம்பைல் ஆகிறவரை எல்லாப் பட்டையும் நிரம்பி நிற்கும். கடைசியில், கம்பைல் ஆன துண்டுகளை ஒரே நிரலாக இணைக்கும் லிங்க் கட்டம் வரும். ஒரு பட்டை மட்டும் நூறு சதவீதம், மீதியெல்லாம் வெறும் கோடு. ஒரே ஒரு கோப்பை மாற்றிவிட்டு மறுபடி பில்ட் செய்கிறீர்களே, நாளில் பெரும்பாலும் நடப்பது அதுதான். அங்கே ஒரு கோப்புக் கம்பைல், அப்புறம் லிங்க், அவ்வளவே. 28 த்ரெட் இருந்து என்ன பயன்?

ரேக்வாசி
லிங்கர் பழையதாக இருந்தால் அந்தப் படம் சரி. எல்எல்டி, மோல்ட் இரண்டும் பல த்ரெட்டில் ஓடுகிற லிங்கர்கள். மாற்றிப் பார்த்தால் 'ஒரு பட்டை' கதை பெரும்பாலும் மறைந்துவிடும். கருவியின் குறையைப் பிராசஸர் தலையில் கட்டாதீர்கள்.

இன்னொன்று. நாம் கோரைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். சர்வர் என்பது அதைச் சுற்றி இருப்பதும்தான். 2680 வி4-க்கு நான்கு மெமரி சேனல் (சிப்புக்கும் ராமுக்கும் இடையிலான பாதை). டிடிஆர்4-2400 வைத்து நொடிக்கு 76.8 ஜிபி. லேப்டாப்பில் இரண்டே சேனல், டிடிஆர்4-3200 வைத்தும் 51.2 ஜிபி. எல் 3 கேஷ் சர்வரில் 35 எம்பி, லேப்டாப்பில் 16 எம்பி. டிஸ்க், கார்டுகளை இணைக்கும் பிசிஐஇ 3.0 லேன் நாற்பது, அத்தனையும் சிப்பிலிருந்து நேராக. நாலைந்து என்விஎம்இ டிஸ்க்கும் ஒரு 10 கிகாபிட் நெட்வொர்க் கார்டும் ஒன்றோடொன்று மோதாமல் உட்காரும். லேப்டாப்பில் இதற்கெல்லாம் ஸ்லாட்டே கிடையாது.

ஒற்றைக்கோர்
76.8-ஐ 14 கோர் பங்கு போட்டால் கோருக்கு சுமார் 5.5 ஜிபி. 51.2-ஐ 8 கோர் பங்கு போட்டால் 6.4 ஜிபி. ஒவ்வொரு கோரும் பட்டினி கிடக்கிறதா என்று கேட்டால் லேப்டாப் நிலைமைதான் மேல். எல் 3 பெரிதுதான், ஆனால் அதை எட்டுவதற்கு ஜியான் கோர் காத்திருக்கும் நேரமும் அதிகம்.

வாட்மீட்டர்
மின்சாரத்தை யாரும் தொடவில்லையே? ஜியானின் டிடிபி 120 வாட், லேப்டாப் சிப்புக்கு 45. ஆனால் இந்த இரண்டு எண்ணை ஒப்பிட்டுச் சண்டை போடுவதில் அர்த்தமில்லை. டிடிபி என்பது குளிரூட்டலை வடிவமைக்கத் தருகிற அளவு, மீட்டரில் ஓடுகிற அளவு அல்ல.

எனக்குக் கவலை சும்மா இருக்கும் நேரம்தான். தொகுப்பானின் டேட்டாபேஸும் மெஷின்களும் 24 மணி நேரமும் உயிரோடு இருக்க வேண்டும், ஆனால் வேலை செய்வது அதில் கொஞ்ச நேரமே. திரையை அணைத்துவிட்டு சும்மா இருக்கும் லேப்டாப் பத்து வாட்டுக்குள் அடங்கிவிடும். சர்வரில் சிப் தூங்கினாலும் ஃபேன், ராம், ரிமோட் மேலாண்மை சிப், பவர் சப்ளை எல்லாம் விழித்திருக்கும். சும்மா இருக்கும்போது அது இழுக்கும் மின்சாரம் லேப்டாப்பைவிடப் பல மடங்கு. இது வருடம் முழுக்க ஓடுகிற செலவு. சத்தத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரேக் சர்வரின் சின்ன ஃபேன்கள் படுக்கையறைக்குப் பக்கத்தில் வைக்கிற பொருள் அல்ல.

ரேக்வாசி
சத்தம், மின்சாரம் இரண்டும் உண்மை, மறுக்கவில்லை. ஆனால் லேப்டாப்பை 24 மணி நேரமும் சார்ஜரிலேயே போட்டு ஓட்டினால் பேட்டரி சூட்டிலேயே வெந்து உப்பிவிடக்கூடும். சார்ஜை எண்பது சதவீதத்துக்குக் கீழே நிறுத்தும் வசதி இருந்தால் மட்டும் அந்த வழியில் போகலாம்.

ஈசிசி (பிழை திருத்தும் ராம்) பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் டேட்டாபேஸ் என்றீர்கள். ஜியான் மேடையில் ராமில் ஒரு பிட் புரண்டால் ஹார்டுவேரே திருத்திவிடும். இரண்டு பிட் புரண்டால் திருத்த முடியாது, ஆனால் கண்டுபிடித்துச் சொல்லிவிடும். உங்கள் லேப்டாப்பில் அந்த ராமே போட முடியாது. அங்கே பிட் புரண்டால் தவறான எண் சத்தமில்லாமல் டிஸ்க்குக்குப் போய், பேக்கப்புக்கும் போய் உட்கார்ந்துகொள்ளும். கணக்கு வழக்கு வைக்கிற எந்த மெஷினிலும் இதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கர்னல்காரன்
டேட்டாபேஸ் பேச்சு வந்ததால் ஒன்று. 2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற பிராசஸர் பாதுகாப்பு ஓட்டைகள் வெளியானது நினைவிருக்கும். பிராட்வெல் மெல்ட்டவுனுக்கு இலக்கானது. அதனால் லினக்ஸ் கர்னல் தன் பேஜ் டேபிளை (நினைவக முகவரி அட்டவணை) பிரித்து வைக்கிறது, நிரல் கர்னலிடம் உதவி கேட்கிற ஒவ்வொரு சிஸ்டம் காலுக்கும் இடம் மாற்றுகிறது. சின்னச் சின்னக் குவெரிகளாக வந்து கொட்டும் போஸ்ட்கிரஸ் போன்ற வேலையில்தான் இதன் வலி தெரியும். இந்த மாற்றத்தின் செலவைக் குறைக்கும் பிசிஐடி வசதி பிராட்வெல்லில் இருப்பதால் வலி கொஞ்சம் குறைவு. பின்னால் வந்த எல்1டிஎஃப், எம்டிஎஸ் ஓட்டைகளும் அதற்கு உண்டு. ஜென் 3-க்கு இந்த மூன்றும் கிடையாது. அதற்காக ஜென் 3 சுத்தம் என்று நினைக்க வேண்டாம். ஸ்பெக்டர் வகை அதற்கும் உண்டு, 2023-இல் இன்செப்ஷன் என்ற ஓட்டையும் வந்தது. ஆகவே இணையத்தில் 2016, 2017 காலத்து பெஞ்ச்மார்க் எண்களை எடுத்து வைத்து ஜியானை அளக்காதீர்கள். இன்றைய கர்னலில் அது அந்த வேகம் தராது.

மென்பொருள் ஆதரவில் வி4 இன்னும் தப்பித்துக்கொண்டிருக்கிறது. ரெட்ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 10-க்கு ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுப்பு உள்ள சிப் கட்டாயம், வி4-இல் அது உண்டு. முதல் தலைமுறை இ5, வி2 இரண்டிலும் கிடையாது. யாராவது 'அதே ஜியான்தான்' என்று வி2-வைத் தள்ளப் பார்த்தால் வாங்காதீர்கள்.

தொகுப்பான்
எல்லோருக்கும் நன்றி. ஒற்றைக்கோர் சொன்னபடி எச்டாப்பைத் திறந்து பார்த்தேன். லிங்க் கட்டம் அவர் சொன்ன மாதிரியே இருந்தது. ஆனால் அதற்கு முன்பே வேறொன்று நடக்கிறது. விர்ச்சுவல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது 16 ஜாப் (ஒரே நேரத்தில் கம்பைல் ஆகும் கோப்புகள்) போட்டு கம்பைல் தொடங்கினால், டெம்ப்ளேட் நிறைந்த கோப்புகள் ஒவ்வொன்றும் ஒன்றரை ஜிபி வரை விழுங்குகின்றன. ராம் முடிந்து ஸ்வாப் (ராமுக்குப் பதிலாக டிஸ்க்கில் ஒதுக்கிய இடம்) நிரம்புகிறது. சிபியு பட்டைகள் பாதிக்குக் கீழே இறங்கி, டிஸ்க் விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருக்கிறது. 8 ஜாப்பாகக் குறைத்தால்தான் சீராக ஓடுகிறது.

ரேக்வாசி
அப்படியானால் உங்கள் பிரச்சினை பிராசஸரே இல்லை, ராம். 128 ஜிபி வந்தால் 28 ஜாப்பும் மெஷின்களும் ஒன்றாகவே ஓடும். அந்த ஒரு சாக்கெட்டுக்கு 1.5 டிபி வரை போகலாம்.

ஒற்றைக்கோர்
பிரச்சினை ராம் என்றால் தீர்வும் ராம்தான். லேப்டாப்பில் இரண்டு 32 போட்டால் 64 ஜிபி. ஸ்லாட் இரண்டும் கழற்றி மாட்டக்கூடியதா, ஒன்று போர்டிலேயே ஒட்டியதா என்று மட்டும் முதலில் பாருங்கள். லேப்டாப்பில் இப்போது ஒரே ஸ்டிக் இருந்தால் ஒரு சேனல்தான் ஓடுகிறது. 51.2 இல்லை, 25.6. அதைச் சரிசெய்வதே பெரிய மாற்றம் தரும்.

சர்வரை எடுத்தே தீருவேன் என்றால் மெஷின்களையும் டேட்டாபேஸையும் அங்கே அனுப்புங்கள். எழுதி, மாற்றி, உடனே பில்ட் செய்து பார்க்கிற வேலை லேப்டாப்பிலேயே இருக்கட்டும். ஒரு கோப்பு பில்டுக்காக நாள் முழுக்க மெதுவான கோரில் காத்திருக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ரேக்வாசி
அந்தப் பிரிப்புக்கு ஒத்துக்கொள்கிறேன், முழு பில்ட் தவிர. ஆரம்பத்திலிருந்து செய்கிற முழு பில்டை சர்வருக்கு அனுப்புங்கள், அங்கேதான் 28 த்ரெட்டுக்கு வேலை இருக்கிறது.

தொகுப்பான், 128 ஜிபி எத்தனை ஸ்டிக்காக இருக்கிறது?

தொகுப்பான்
சர்வரைத் தருபவர் அனுப்பிய போட்டோவில் இரண்டு ஸ்லாட்தான் நிரம்பித் தெரிகிறது. இரண்டு 64 ஆக இருக்கும்.

ரேக்வாசி
அப்படியானால் நான்கு சேனலில் இரண்டு காலி. நான் சொன்ன 76.8 அங்கே 38.4 ஆகிவிடும், உங்கள் லேப்டாப்பைவிடக் குறைவு. நான்கு 32 ஆக மாற்றித் தரச் சொல்லுங்கள். முடியாது என்றால் இன்னும் இரண்டு ஸ்டிக் வாங்கிப் போடலாம், ஆனால் இருப்பதன் ஸ்டிக்கரைப் படித்துவிட்டு வாங்குங்கள். 64 ஜிபி ஸ்டிக் பெரும்பாலும் எல்ஆர்டிஐஎம்எம் என்ற சர்வர் ராம் வகையாக இருக்கும். அதோடு ஆர்டிஐஎம்எம் என்ற சாதாரண சர்வர் ராம் வகையைக் கலந்தால் மெஷின் பூட் ஆகாது.