டர்பனில் தோட்டம் தொடங்குகிறேன்: விதைப் பொட்டலத்திலும் உரப் பையிலும் உள்ள சொற்களுக்கு விளக்கம் வேண்டும்

புதுத்தோட்டம், சாட்ஸ்வொர்த்:

அனைவருக்கும் வணக்கம். திருநெல்வேலியிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்கு வந்து, டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் வாடகை வீட்டில் குடியிருக்கிறோம். பின்புறம் சரிவாக ஒரு துண்டு நிலம் இருக்கிறது. என்ன வேண்டுமானாலும் பயிரிட்டுக்கொள்ளலாம் என்று வீட்டுக்கார அம்மா சொல்லிவிட்டார். இப்போது அங்கே நிற்பது ஒரு கறிவேப்பிலை மரம் மட்டும். மண் சிவப்பு நிறம். கையில் எடுத்தால் மணலாக உதிர்கிறது.

ஊரில் மொட்டைமாடித் தொட்டியில் துளசி வைத்திருந்ததோடு சரி. இங்கே கொத்தமல்லி, கீரை, தக்காளி, மிளகாய், கத்தரி எல்லாம் போட ஆசை. ஆனால் பொட்டலத்தைப் படித்தால் 'முழு வெயில்', 'நல்ல வடிகால்', 'முளைத்தபின் கலைத்துவிடவும்', 'நாற்றை வெளிக்காற்றுக்குப் பழக்கி நடவும்' என்றெல்லாம் போட்டிருக்கிறது. உரக்கடையில் ஒரு பையில் 2:3:2 (22) என்றும் இன்னொன்றில் 3:1:5 என்றும் எழுதியிருந்தது. "இது வேருக்கு, அது காய்க்கு" என்று கடைப் பையன் சொன்னான். அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண்ணைக் கேட்டால் அவனுக்கும் தெரியவில்லை. மூடாக்கு, மட்கு இரண்டும் ஒன்றுதானா?

இன்னொன்று. ஆடி பிறந்துவிட்டது, 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்று அம்மா தொலைபேசியில் சொல்லிக்கொண்டே இருக்கிறார். இங்கேயோ குளிர்காலம். விதைக்கலாமா, பொறுக்க வேண்டுமா?

கிளேர்வுட் பேரன்:

வணக்கம் அம்மா. விதை வாங்குவதற்கு முன்னால் வீட்டின் எந்தப் பக்கம் வடக்கு என்று பார்த்துவிடுங்கள். இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்.

'முழு வெயில்' என்றால் நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது செடியின் மேல் நேரடியாக வெயில் விழவேண்டும். தக்காளி, மிளகாய், கத்தரி மூன்றுக்கும் அது கட்டாயம். திருநெல்வேலியில் மார்கழி வெயில் தெற்கே சாய்ந்து வருவதைப் பார்த்திருப்பீர்கள். டர்பன் மகர ரேகைக்கும் தெற்கே இருக்கிறது. ஆகவே நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் வடக்குப் பக்கமாகவே சாய்ந்து நிற்கும். குளிர்காலத்தில் அந்தச் சாய்வு அதிகம். ஜூன் மாத நடுப்பகலில் இரண்டு மீட்டர் உயரச் சுவரின் நிழல் தெற்கே 2.7 மீட்டர் வரை நீளும். டிசம்பரில் அதே சுவருக்கு ஒரு சாண் நிழல்தான். டிசம்பரில் இடத்தைப் பார்த்து, 'இங்கே நல்ல வெயில் அடிக்கிறது' என்று பாத்தி கட்டுகிறவர்களுக்கு ஜூனில் நிழல்தான் மிஞ்சும். நீங்கள் குளிர்காலத்தில் தொடங்குவது ஒரு வகையில் நல்லது. இன்றைக்குக் காலை ஒன்பது, பகல் பன்னிரண்டு, மாலை மூன்று மணிக்கு நிழலின் ஓரத்தில் ஒவ்வொரு குச்சி நட்டுப் பாருங்கள். அந்த நிழலுக்குள் விழாத இடம்தான் காய்ச்செடிகளுக்கு.

'நல்ல வடிகால்' என்பது வேரைச் சுற்றித் தண்ணீர் தேங்காமல் இறங்கிப்போவது. ஓர் அடி ஆழத்துக்குக் குழி தோண்டித் தண்ணீர் ஊற்றி வடியவிட்டு, மறுபடி நிரப்பிப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் ஓர் அங்குலம்கூட இறங்கவில்லை என்றால் கவலைப்பட வேண்டும். உங்கள் சிவப்பு மணலுக்கு அந்தக் கவலை இல்லை. அது தண்ணீரைப் பிடித்து வைக்காது என்பதுதான் பிரச்சினை.

இப்போது உரப் பை. இதை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் படித்தவர்களும் இதில் குழம்புகிறார்கள். மூன்று எண்களும் வரிசையாகத் தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாசியம்). தழைச்சத்து இலைக்கும் தண்டுக்கும், மணிச்சத்து வேருக்கு, சாம்பல்சத்து பூவுக்கும் காய்க்கும் செடியின் உறுதிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் பையில் 17:17:17 என்றால் ஒவ்வொன்றும் நூற்றுக்கு 17. தென்னாப்பிரிக்காவில் அப்படி இல்லை. இங்கே அந்த மூன்று எண்களும் வெறும் பங்குகள். அடைப்புக்குறிக்குள் இருப்பதுதான் மொத்தச் சத்தின் சதவீதம். 2:3:2 (22) பையை எடுத்துக்கொள்வோம். இரண்டும் மூன்றும் இரண்டும் ஏழு பங்கு. 22-ஐ ஏழால் வகுத்தால் ஒரு பங்கு ஏறத்தாழ 3.14. ஆகத் தழைச்சத்து 6.3, மணிச்சத்து 9.4, சாம்பல்சத்து 6.3 சதவீதம். மீதி எடையெல்லாம் சத்தைச் சுமந்து வரும் மற்றப் பொருள்கள். அதே 2:3:2 வேறொரு பையில் (14) என்று இருந்தால் சத்தின் பங்கீடு அதேதான், ஆனால் வீரியம் குறைவு. விலையை ஒப்பிடும்போது இதைப் பார்த்து வாங்குங்கள்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. இந்தியப் பைகளில் மணிச்சத்தையும் சாம்பல்சத்தையும் ஆக்சைடு கணக்கில், அதாவது ஆக்சிஜனின் எடையையும் சேர்த்துப் போடுவார்கள். இங்கே தனிமக் கணக்கு, அதாவது அந்தச் சத்தின் எடை மட்டும். அங்கே 17 என்று போட்டிருக்கும் மணிச்சத்து இங்கத்திய கணக்கில் 7.4-தான். ஊரில் பழகிய அளவை இங்கே அப்படியே அள்ளிப் போட்டுவிடாதீர்கள். சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று பையிலேயே இருக்கும். அதைச் சமையலறைத் தராசில் ஒருமுறை நிறுத்து, ஒரு பழைய டம்ளரில் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நடவுக்கு முன் மண்ணில் கலப்பது அடியுரம், செடி வளர்ந்தபின் தூரைச் சுற்றி இடுவது மேலுரம். அடியுரத்துக்கு 2:3:2, பூவெடுத்தபின் மேலுரத்துக்கு 3:1:5 என்பது இங்கே வழக்கம். டர்பனுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 1000 மில்லிமீட்டர் மழை, அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் மார்ச் வரை. மணல் மண்ணில் தழைச்சத்து அந்த மழையோடு கீழே இறங்கிவிடும். மொத்தமாகக் கொட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து இடுங்கள்.

உங்கள் அம்மா சொல்வதையும் தள்ளிவிட வேண்டியதில்லை. ஊரில் ஆடிப்பட்டம் மழையை எதிர்பார்த்து விதைப்பது. இங்கே ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது குளிரும் வறட்சியும். மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது. ஆனால் கடலோரத்தில் உறைபனி கிடையாது. ஆடிக் கடைசியில் மிளகாய், கத்தரி, தக்காளி விதைகளைத் தட்டில் தூவி நாற்று வளர்த்தால் புரட்டாசியில் நடத் தயாராக இருக்கும். புரட்டாசி முழுக்க இங்கே நம்மவர்கள் வீடுகளில் மரக்கறிச் சாப்பாடு என்பதால் சந்தையில் காய் விலை ஏறுவதும் அப்போதுதான். எங்கள் தாத்தா கிளேர்வுட்டில் காய்கறி போட்டு, விடியுமுன் சந்தைக்கு ஏற்றியவர். தமிழ் மாதம் சொல்லித்தான் விதைப்பார். ஆனால் எந்த மாதத்தில் எதை என்பது இந்த மண்ணைப் பார்த்து அவர் தாமே எழுதிக்கொண்டது.

கொத்தமல்லியை மட்டும் இப்போதே போட்டுவிடுங்கள். வெப்பம் ஏறினால் இலை விடுவதை நிறுத்திவிட்டுப் பூத்தண்டை மேலே தள்ளிவிடும். பிறகு இலை மெலிந்து, மணமும் மாறிவிடும். கடையில் விற்கும் முழு மல்லி ஒவ்வொன்றிலும் இரண்டு விதைகள் ஒட்டியிருக்கின்றன. தரையில் பரப்பிச் செருப்பின் அடியால் இலேசாகத் தேய்த்தால் இரண்டாகப் பிளக்கும். பொடியாகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அரை விரற்கடை ஆழம் போதும்.

வெருலம் அக்கா:

தங்கச்சி, அண்ணன் சொன்ன உரக் கணக்கை நானும் எழுதி வைத்துக்கொண்டேன். ஆனால் உரப் பைக்கு முன்னால் மட்கு வேண்டும். மணல் மண்ணில் மட்கு இல்லாமல் பை உரம் போடுவது காசைச் சரிவில் கொட்டுவதுதான்.

மட்கும் மூடாக்கும் ஒன்றல்ல. மட்கு என்பது முழுவதும் அழுகி முடிந்து மண்வாசனை வரும் நிலைக்கு வந்தது. அதை மண்ணோடு கலக்க வேண்டும். மூடாக்கு என்பது மண்ணின் மேல் போர்த்துவது: காய்ந்த புல், இலைச்சருகு, கரும்புச் சோகை, எது கிடைத்தாலும் சரி. அது வெயிலைத் தடுத்து ஈரத்தைக் காக்கும், களை முளைக்க விடாது. உங்களுடையது சரிவு என்பதால் கோடை மழையில் மேல்மண் ஓடிவிடாமலும் பிடித்துக்கொள்ளும். நான்கு விரல் கனத்துக்குப் போடுங்கள். ஆனால் செடியின் தண்டை ஒட்டிப் போடாதீர்கள். ஒரு கையகலம் இடைவெளி விடுங்கள், இல்லையென்றால் இந்த ஊர்ப் புழுக்கத்தில் தண்டு அழுகும். பச்சை மரத்தூளை மண்ணோடு கிளறிவிட வேண்டாம். அது மட்குவதற்கு மண்ணில் உள்ள தழைச்சத்தையே எடுத்துக்கொண்டு செடியை மஞ்சளாக்கிவிடும்.

மட்குக் குவியலுக்கு ஈரமான பச்சைக் கழிவும் வேண்டும், காய்ந்ததும் வேண்டும். ஒரு கூடை காய்கறித் தோலுக்கு இரண்டு கூடை சருகு என்று அடுக்குங்கள். பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு மட்டும் வரும் அளவுக்கு ஈரம் இருக்கட்டும். நாற்றம் வந்தால் சருகு போதவில்லை. வாரக்கணக்கில் அப்படியே கிடந்தால் பச்சையோ ஈரமோ போதவில்லை. நடுவில் கையை விட்டால் சூடு தெரிய வேண்டும். வேலியோரம் உண்ணிச்செடி இருந்தால் காயோடு பிடுங்கி இதில் போட்டுவிடாதீர்கள். இந்த நாட்டில் அது பரவிப் படுத்தும் பாடு போதும். கோழி எருவைப் புதிதாக அப்படியே இட்டால் வேர் கருகும். கடையில் கிரால் உரம் என்று விற்பது மாட்டுத்தொழுவ எரு. நன்றாக மட்கியதாகப் பார்த்து வாங்குங்கள்.

தக்காளி பழுக்கும் வரை செடியில் விட்டுவைக்காதீர்கள். நிறம் திரும்பியதும் பறித்து வீட்டுக்குள் வையுங்கள். எங்கள் பக்கக் குரங்குகள் உங்களுக்கு முன்னால் வந்துவிடும்.

ஜோகன்னஸ்பர்க் வாசி:

நாற்றைப் பழக்குவது பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். நிழலில், காற்றுப் படாத இடத்தில் வளர்ந்த நாற்றின் இலைத்தோல் மெல்லியது. அதை நேராக வெயிலில் நட்டால் ஒரே பகலில் இலை வெளுத்துக் காகிதம்போல் ஆகிவிடும். முதல் நாள் காலை வெயிலில் ஒரு மணி நேரம், மறுநாள் இரண்டு மணி நேரம் என்று கூட்டிக்கொண்டே போய், ஒரு வாரம் பத்து நாளில் இரவும் வெளியே விடுவதுதான் அந்தப் பழக்குதல். தண்ணீரையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். நடுவதை மாலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பொட்டலத்தில் ஓராண்டுச் செடி, பல்லாண்டுச் செடி என்று இருப்பதையும் ஊரைப் பார்த்துப் படிக்க வேண்டும். மிளகாய் இயல்பில் சில ஆண்டுகள் வாழக்கூடியது. நாங்கள் 1700 மீட்டருக்கும் மேலே இருக்கிறோம். முதல் கடும் உறைபனியில் எங்கள் மிளகாய்ச் செடி ஒரே இரவில் கறுத்துவிடும், ஆகவே எங்களுக்கு அது ஓராண்டுப் பயிர். உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. காய்ப்பு ஓய்ந்ததும் கவாத்து செய்யுங்கள். அதாவது காய்ந்ததையும் நெருக்கமாக உள்ளதையும் வெட்டி, கிளைகளை மூன்றில் ஒரு பங்கு குறைத்துவிட்டால் புதுத்துளிர் விட்டு மறுபடி காய்க்கும். கணுவுக்குச் சற்று மேலே, சாய்வாக வெட்டுங்கள்.

புதுத்தோட்டம், சாட்ஸ்வொர்த்:

ஐயாவுக்கும் அக்காவுக்கும் அண்ணனுக்கும் மிக்க நன்றி. குச்சி நட்டுப் பார்த்தேன். பின்புற நிலம் வீட்டுக்குத் தெற்கே இருக்கிறது. சுவரை ஒட்டி நான்கு மீட்டர் வரை பகல் முழுவதும் நிழல்தான். அதற்கு அப்பால், சரிவின் கீழ்ப்பகுதியில் மட்டும் வெயில் விழுகிறது. சுவரோரத்தை வீணாக விட வேண்டியதுதானா? கறிவேப்பிலை மரத்தைச் சுற்றி முளைத்திருக்கும் சின்னக் கன்றுகளை என்ன செய்வது? 'கலைப்பது' என்பதையும் சொல்லுங்கள்.

கிளேர்வுட் பேரன்:

வீணாக விடாதீர்கள் அம்மா. அந்த நான்கு மீட்டரிலும் சுவருக்கு அடுத்த இரண்டு மீட்டரை மட்குக் குவியலுக்கும் நாற்றுத் தட்டுகளுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு அடுத்த பகுதி நவம்பரில் வெயிலுக்கு வந்துவிடும். அப்போது கீரை போடலாம். காய்ச்செடிகள் கீழ்ப்பகுதியில். பாத்திகளைச் சரிவுக்குக் குறுக்கே கட்டுங்கள். மேலிருந்து கீழாகக் கட்டினால் ஜனவரி மழை பாத்தியையே வாய்க்காலாக்கிவிடும்.

கறிவேப்பிலையின் பக்கத்தில் வருபவை பெரும்பாலும் வேர்க்கன்றுகள், அதாவது தாய்மரத்தின் வேரிலிருந்தே கிளம்பியவை. சில, விழுந்த பழத்தின் விதையிலிருந்தும் முளைத்திருக்கும். மண்ணை விரலால் விலக்கிப் பாருங்கள். கிடையாகப் போகும் பழுப்பு நிற வேரிலிருந்து எழும்பியிருந்தால் வேர்க்கன்று. குளிர் விட்டபின் அதற்கென்று சொந்தமாக மயிர்வேர் இருக்கும் கன்றாகப் பார்த்து, தாய்வேரைக் கூரான கத்தியால் இருபுறமும் வெட்டி, மண்ணோடு எடுத்துத் தொட்டியில் வையுங்கள். பாதி இலைகளைக் கிள்ளிவிடுங்கள். நட்ட பிறகு வாடினாலும் உடனே பிடுங்கிப் பார்க்க வேண்டாம்.

கலைப்பது என்றால் நெருக்கமாக முளைத்தவற்றில் நல்லதை விட்டுவிட்டு மற்றதை எடுப்பது. முளைத்ததைப் பிடுங்க மனசு வராதுதான், ஆனால் செய்யவேண்டும். இடமில்லாமல் நிற்கும் செடிகள் எல்லாமே நோஞ்சானாகிவிடும். இரண்டாவது நிஜ இலை வந்ததும் செய்யுங்கள். முதலில் வரும் ஜோடி விதையிலை, அதற்குப் பிறகு வருவதுதான் நிஜ இலை. பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் அசையும் என்பதால் சிறு கத்தரிக்கோலால் மண்மட்டத்தில் வெட்டிவிடுவேன். கீரையில் இப்படி வெட்டியதெல்லாம் அன்றைய பருப்புக்கு ஆகும். கொத்தமல்லிக்கு நான்கு விரல், கீரைக்கு ஒரு கையகலம், கத்தரிக்கு இரண்டடி இடைவெளி விடுங்கள்.

கொத்தமல்லி விதை என்னிடம் போன பருவத்தில் எடுத்தது இருக்கிறது. சீக்கிரம் பூவெடுக்காத செடியில் மட்டும் விட்டுவைத்து எடுத்தது. ஞாயிற்றுக்கிழமை சாட்ஸ்வொர்த் பக்கம் வருகிறேன். தனிச்செய்தியில் சொன்னால் கோவில் வாசலில் வைத்துத் தருகிறேன்.