எச்சத்தில் தீவனம் செரிக்காமல் வருகிறது – பூஞ்சண நச்சா?

உடுமலை நாட்டுக்கோழி:
மூன்று வாரக் குஞ்சுகள். மக்காச்சோளம், கடலைப் புண்ணாக்கு, கருவாட்டுத்தூள் கலந்து நானே அரைத்துப் போடுகிறேன். மழையில் நனைந்த மக்காச்சோளத்துக்கு மாறிய பிறகு எச்சத்தில் தீவனம் அப்படியே வருகிறது. கால்கள் வெளுத்துவிட்டன. ஒரே ஈட்டுக் குஞ்சுகள் பெரிதும் சிறிதுமாக நிற்கின்றன. ரத்தக் கழிச்சல் இல்லை. சோளத்தை வெயிலில் காயவைத்தால் போதுமா?

பழைய தீவனக்காரன்:
போதாது தம்பி. வெயில் பூஞ்சணத்தை அடக்கும். அது ஏற்கெனவே கக்கிவைத்த நஞ்சு வறுத்தாலும் முழுதாகப் போகாது. அந்தத் தீவனத்தை இன்றே நிறுத்துங்கள்.

செத்த குஞ்சு இருந்தால் கால்நடை மருத்துவரிடம் அறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கல்லீரல் வெளிறி மஞ்சள் பூத்திருந்தால் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சண நச்சின் மேல் சந்தேகம். பித்தமும் செரிமான நொதிகளும் குறைவதால்தான் தின்றது அப்படியே வெளியேறுகிறது. உயிரோடிருக்கும் குஞ்சின் அலகையும் திறந்து பாருங்கள். ஓரத்திலும் அண்ணத்திலும் மஞ்சள் பொருக்குத் தட்டிய புண் இருந்தால் டி-2 என்ற வேறொரு பூஞ்சண நச்சாக இருக்கலாம். கோழி அம்மையிலும் வாய்ப்புண் வரும், ஆகவே நீங்களாக முடிவு கட்ட வேண்டாம். எந்த நச்சு என்று தெரிந்தாக வேண்டும்: நச்சைப் பிடித்துவைக்கத் தீவனத்தில் கலக்கும் பெண்டோனைட் களிமண் அஃப்ளாவை நன்றாகப் பிடிக்கும், டி-2-வைப் பெரும்பாலும் விட்டுவிடும். எல்லா நச்சையும் பிடிக்கும் என்று பையில் அச்சடித்து விற்பவர்களை நான் நம்புவதில்லை.

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவன ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்புங்கள். நஞ்சு திட்டுத்திட்டாகத்தான் இருக்கும். பல மூட்டைகளில் மேல், நடு, அடி என்று எடுத்துக் கலக்குங்கள். புண்ணாக்கையும் தனியாக அனுப்புங்கள். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகளைக் கொன்றது பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்குதான்.

இனி ஈரம் 12 விழுக்காட்டுக்கு மேல் உள்ள சோளத்தை இருப்பு வைக்காதீர்கள். நொறுங்கிய மணியையும் தூசியையும் சலித்து எறியுங்கள். நஞ்சு அதில்தான் அதிகம். மூட்டைகளைச் சுவரை ஒட்டாமல் பலகை மேல் அடுக்குங்கள்.

வாத்துப்பட்டி:
ஐயா, கழித்த சோளத்தை வாத்துக்கோ மாட்டுக்கோ போட்டுத் தீர்க்கலாமா?

பழைய தீவனக்காரன்:
வாத்துக்குஞ்சு கோழிக்குஞ்சுக்கும் முன்பே விழும். மாட்டுக்குப் போட்டால் நஞ்சு எம்1 என்ற வடிவில் பாலில் இறங்கும். அந்தப் பாலை உங்கள் வீட்டுப் பிள்ளைகள்தான் குடிப்பார்கள். குழி தோண்டிப் புதையுங்கள்.

உடுமலை நாட்டுக்கோழி:
தீவனத்தை நிறுத்திவிட்டேன் ஐயா. ஒரு குஞ்சின் வாயில் பொருக்கு இருக்கிறது. நாளை மருத்துவரிடம் கொண்டுபோகிறேன்.