சார்த்ர் பேராலய ஜிக்சா, 1000 துண்டு: கல்லெல்லாம் ஒரே நிறம், எப்படிப் பிரிப்பது?

மூலைத்துண்டு:
வணக்கம். பிரான்ஸின் சார்த்ர் பேராலயம், மேற்கு முகப்பு. 1000 துண்டு, 70×50 செ.மீ., நெட்டுவாக்குப் படம். ஓரம் கட்டியாச்சு, கீழே உள்ள மூன்று வாசல்களும் முடிந்தன. மிச்சம் இருக்கும் கல் 300 துண்டுக்குக் குறையாது, வானம் அதைவிட அதிகம். கல்லை நிறம் பார்த்துப் பிரித்தால் எல்லாம் ஒரே குவியலில் போய் விழுகிறது. வேறு எதை வைத்துப் பிரிக்கலாம்? இன்னொரு சந்தேகம்: இந்த ஆலயத்தின் நீலக் கண்ணாடி பேர்பெற்றது, ஆனால் ரோஜாச் சாளரத்துக்கு (முகப்பின் நடுவே உள்ள பெரிய வட்டச் சன்னல்) ஒரு நீலத் துண்டுகூட இல்லை. துண்டு குறைகிறதா?

கல்தச்சன்:
குறையவில்லை. வண்ணக் கண்ணாடியின் நிறம் உள்ளே நின்று பார்ப்பவருக்குத்தான். வெளியிலிருந்து அது கருப்பாகவே தெரியும். ஆகவே கருப்பு வட்டங்கள் உள்ள துண்டுகளைத் தேடுங்க. சாளரத்தின் குறுக்களவு சுமார் 12 மீட்டர். உங்கள் படத்தில் பேராலயம் 60 செ.மீ. உயரம் என்று வைத்தால், ஒரு துண்டு கிட்டத்தட்ட மூன்றரை மீட்டர் கட்டடம். ஆக முழுச் சாளரமும் 12 முதல் 16 துண்டுக்குள் அடங்கிவிடும். மையத்தைச் சுற்றி எல்லாம் பன்னிரண்டு பன்னிரண்டாக வரும், அந்தக் கணக்கில் அடுக்குங்க.

கல்லுக்கு நிறத்தை மறந்துவிட்டுச் செதுக்கு வேலையைப் பாருங்க. முகப்பு ஒரே காலத்தில் எழுந்தது இல்லை. வலப்பக்கம் இருப்பது தெற்குக் கோபுரம், 12ஆம் நூற்றாண்டு, சுமார் 105 மீட்டர். அதன் கூம்பில் மீன்செதில் போல வரிசை வரிசையான கல், விளிம்பு நேர்கோடாகச் சரியும். இடப்பக்கம் வடக்குக் கோபுரம், சுமார் 113 மீட்டர். அதன் பழைய கூம்பு 1506இல் இடி விழுந்து அழிந்தது. 1507 முதல் 1513க்குள் ழான் தெ போஸ் என்ற கட்டடக் கலைஞர் இப்போதுள்ள கற்கூம்பை எழுப்பினார். ஊசிமுனைகள், பூவேலை, இடுக்கெல்லாம் ஓட்டை. கல்லுக்கு நடுவே துளித்துளியாக வானம் தெரியும் துண்டு எதுவானாலும் இடப்பக்கக் கூம்பில்தான் போடணும். செதில் தெரிந்தால் வலப்பக்கம்.

சிக்கல் கூம்புக்குக் கீழேதான். அங்கே இரண்டு கோபுரமும் ஏறத்தாழ ஒரே சாடை. நிழலை நம்புங்க: மேற்கு முகத்தில் வெயில் பிற்பகலில் தென்மேற்கிலிருந்து, அதாவது வலப்பக்கத்திலிருந்து விழும். படத்தில் வெயில் இருந்தால் தாங்குசுவர் ஒவ்வொன்றுக்கும் வலப்பக்கம் வெளிச்சம், இடப்பக்கம் இருட்டு. துண்டின் மேல் கீழ் எது என்று அதை வைத்தே சொல்லிவிடலாம்.

நீலவானம்:
வானத்துக்கு வடிவம்தான் வழி. உருவம் ஆறு வகைக்குள் அடங்கும்: குமிழே (வெளியே நீட்டும் முனை) இல்லாதது, ஒன்று, எதிரெதிரே இரண்டு, அடுத்தடுத்து இரண்டு, மூன்று, நான்கு. ஆறு தட்டில் பிரித்துவிட்டு, ஒவ்வொரு தட்டிலும் அடர்நீலம் ஒரு பக்கம், வெளிர்நீலம் ஒரு பக்கம் ஒதுக்குங்க. பெரும்பாலும் உச்சி அடர்ந்தும் அடிவானம் வெளுத்தும் இருக்கும். வீட்டு மஞ்சள் விளக்கில் இந்த வித்தியாசம் கரைந்துபோகும். பகலில் சன்னலோரம் உட்கார்ந்து பிரிப்பதே நல்லது.

வெட்டு எப்படி என்று எண்ணிப் பாருங்க. 40×25 வெட்டு என்றால் துண்டு 2 செ.மீ. அகலம், 1.75 செ.மீ. உயரம். ஸ்கேலால் அளந்தாலே எந்தப் பக்கம் படுக்கை என்று தெரியும், பாதி வேலை மிச்சம். 38×27 என்றால் ஏறத்தாழச் சதுரம், அந்த உதவி கிடையாது. இரண்டிலும் ஓரத்துண்டு மூலையோடு சேர்த்து 126 வரணும்.

மூலைத்துண்டு:
ஓரம் 126 சரியாக இருக்கு. நீட்டுப்பக்கம் 40, குறுக்கே 25. ஆனால் வானத்தில் ஒரு வரிசையில் கடைசித் துண்டு உட்கார மாட்டேங்குது.

நீலவானம்:
அப்படியானால் எங்கோ பொய்ப்பொருத்தம் இருக்கு. வானத்தில் தவறான துண்டுகூட ஒட்டிக்கொள்ளும். கைபேசி டார்ச்சைப் பலகையோடு படுக்க வைத்து அடிங்க. தவறான இணைப்பில் இடுக்கு நிழலாகத் தெரியும், நகத்தால் வருடினால் மேடு தட்டும். கடைசித் துண்டைக் குறை சொல்லாமல் அந்த வரிசையையே பிரிங்க; தவறு நாலைந்து துண்டு தள்ளி இருக்கலாம்.

கல்தச்சன்:
ஒட்டுவதாக இருந்தால் ஒரு வார்த்தை. பசையில் தண்ணீர் அதிகமானால் அட்டை ஊறி உப்பும். வெள்ளைப் பசை இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு போதும். முன்பக்கம் பளபளப்பு வேண்டாம் என்றால், இரண்டு பலகைக்கு நடுவே இறுக்கிக் கவிழ்த்துப் பின்பக்கம் மட்டும் மெல்லிசாகப் பூசுங்க. ஒரு பக்கம் மட்டும் பூசினால் பசை காயும்போது சுருங்கி அட்டையை வளைக்கும். அதனால் பட்டர் பேப்பர் விரித்து, மேலே பலகையும் கனமான புத்தகங்களும் வைத்து ஓர் இரவு விட்டுவிடுங்க.