‘எக்சூவியா’வுக்குத் தமிழ்ச் சொல்: ஓடைத்தும்பிக் கையேடு, வெள்ளிக்கிழமை அச்சு

விஞ்ஞான ஆசிரியை, அக்கரைப்பற்று

எல்லோருக்கும் வணக்கம். தரம் 10, 11 பிள்ளைகளுக்கான ஓடைத்தும்பிக் களக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகவேண்டும். ஒரேயொரு சொல் இடிக்கிறது. நீருக்குள் வளர்ந்த குடம்பி (தும்பியின் இளம்பருவம்) கல்லிலோ வேரிலோ ஏறி, முதுகு வெடித்து, தும்பி வெளியேறிய பிறகு அங்கேயே ஒட்டிக்கிடக்கும் வெற்றுத்தோல்தான் எக்சூவியா. வரைவில் ‘புறவன்கூடு’ (பூச்சியின் கடினமான வெளிக்கூடு) என்று இருக்கிறது. புறவன்கூடு உயிருள்ள பூச்சிக்கும் உண்டு. ‘புறவன்கூட்டைச் சேகரிக்கவும்’ என்று எழுதினால், கல்லில் ஏறி நிற்கும் குடம்பியைப் பிள்ளை பெயர்த்துவிடும். வெளியேறும் நேரத்தில் பிடி தளர்ந்து விழுந்தால் இறகு விரியாமல் மடிந்தபடியே இறுகும், பிறகு பறக்க வழியில்லை. உள்ளே ஒன்றுமில்லை என்பது சொல்லிலேயே தெரியவேண்டும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மட்டக்களப்பு

ரீச்சர், சொல் நம் கையிலேயே இருக்கிறது. ‘குடம்பை தனித்தொழியப் புட்பறந் தற்றே’ (குறள் 338), உயிர் உடம்பை விட்டுப் போவதற்குச் சொன்ன உவமை. பரிமேலழகர் இங்கே குடம்பை என்பதை முட்டை என்று கொள்கிறார். கூடு என்பாரை இரண்டு காரணம் சொல்லி மறுக்கிறார்: கூடு பறவையோடு கூடத் தோன்றுவதில்லை, பறவை அதற்குள் மீண்டும் நுழையும். இந்த இரண்டையும் தும்பியின் தோலில் வைத்துப் பாருங்கள். அது தும்பியோடு கூடவே வளர்ந்தது, தும்பி அதற்குள் மீண்டும் புகாது. முட்டையைவிட உவமைக்குப் பொருத்தமான பொருள் இது. ‘குடம்பை’ என்றே போடுங்கள்.

பூச்சியியல் விரிவுரையாளர், செங்கலடி

ஐயா, பொருள் அருமை. ஆனால் நம் பாடநூலில் குடம்பி என்றால் உயிருள்ள இளம்பருவம். ‘குடம்பியைத் தொடாதே, குடம்பையை எடு’ என்று ஓடைக்கரையில் நின்று சொன்னால் எந்தப் பிள்ளைக்குப் பிரித்துக் கேட்கும்? ரீச்சர் பயப்படும் தவறு இந்தச் சொல்லால்தான் நடக்கும்.

சொல் எதுவானாலும் அடையாளத்தை இப்படி எழுதுங்கள்: நெஞ்சின் முதுகுப்புறத்தில் நீளப் பிளவு இருக்கவேண்டும், பிளவுக்குள் வெள்ளை நூல்கள் தெரியவேண்டும். அவை வாதனாளிகளின் (மூச்சுக்குழாய்களின்) உட்தோல், தும்பி வெளியேறும்போது உருவி வந்தவை. பிளவு இல்லையென்றால் கை வைக்கக்கூடாது. பிளவிலிருந்து தலையும் நெஞ்சும் மட்டும் வெளியே வந்து தும்பி அசையாமல் நின்றால் செத்துவிட்டது என்று நினைக்கவேண்டாம். கால்கள் இறுகும்வரை அது அப்படித்தான் ஓய்ந்து நிற்கும். பிறகுதான் வயிற்றை உருவும்.

மொழிபெயர்ப்பாளர், கல்முனை

‘உரி’ இருக்கும்போது ஏன் இவ்வளவு தூரம்? பாம்புரி என்கிறோம். பொருநராற்றுப்படையில் ‘அரவுரி அன்ன அறுவை’ வருகிறது. பாம்பின் உரிபோல மெல்லிய துணி. லத்தீனிலும் எக்சூவியே என்றால் களைந்த உடை, வீழ்ந்த பகைவனிடமிருந்து உரிந்தெடுத்த கவசம். துணியும் தோலும் அங்கும் சேர்ந்தே வருகின்றன. ‘தும்பியுரி’ என்று போடலாம்.

தமிழாசிரியர், மட்டக்களப்பு

உரி அளவுப் பெயருமாகும், அரை நாழி. ‘உரிவரு காலை நாழிக் கிளவி’ என்று தொல்காப்பியம் அதற்குப் புணர்ச்சி விதியே வைத்திருக்கிறது. ஏவல் வினையாகவும் நிற்கும். ‘உரி’ என்று தலைப்பிட்டால் உரிக்கச் சொல்கிறார்கள் என்று பிள்ளை எடுக்காதா?

மொழிபெயர்ப்பாளர், கல்முனை

நாழியும் உரியும் வைத்து அளக்கும் வீடு இன்றைக்கு எது, ஐயா? ஏவல் என்ற மயக்கம் உண்மைதான், ஆனால் ‘தும்பியுரி’ என்று சேர்த்தெழுதினால் அது தீரும்.

தமிழ் மாணவர், வந்தாறுமூலை

முதற்பகுதியையும் பார்க்கவேண்டும். ‘அஞ்சிறைத் தும்பி’ (குறுந்தொகை 2) பூவுக்குப் பூ தேன் தேடும் வண்டு. ஓடைப்பூச்சிக்கு ‘ஊசித்தட்டான்’ என்பதுதானே சரி?

விரிவுரையாளர், செங்கலடி

தமிழ்நாட்டுக்குச் சரி. இங்கே வயலில் பறப்பதைத் தும்பி என்றுதான் பிள்ளை சொல்லும். வண்டை யாரும் தும்பி என்பதில்லை. இதை விட்டுவிட்டு, வெள்ளிக்கிழமைக்குத் தேவையானதைப் பார்ப்போம்.

கையேட்டிலுள்ள இரண்டு இனத்தையும் தோலை வைத்தே பிரிக்கலாம். நியூரோபேசிஸ் சைனென்சிஸ், ஆணின் பின்னிறகு உலோகப் பச்சையாக மின்னுமே, அதன் தோலில் உணர்கொம்பின் முதற்கணு மற்றக் கணுக்களைவிடத் தடித்து நீண்டிருக்கும். மடித்த கீழுதட்டின் நடுவில் ஆழமான பிளவு தெரியும். வால்முனைப் பூக்கள் (நீரில் மூச்சுவிடும் உறுப்புகள்) மூன்றில் ஓரத்து இரண்டும் முப்பட்டை, நடுப்பூ குட்டை. இலங்கைக்கே உரிய யூஃபேயா ஸ்பிளெண்டென்சில் வால்பூக்கள் பைபோல உப்பியிருக்கும். அதோடு வயிற்றின் 2 முதல் 8 வரையான துண்டங்களில் பக்கத்துக்கு ஒன்றாக ஏழு சோடிப் பூக்கள். காய்ந்த தோலில் இவை நூலாகச் சுருண்டு கிடக்கும். இளஞ்சூட்டு நீரில் ஊறவைத்துத்தான் எண்ணவேண்டும். ஊறாமல் கீழுதட்டைத் திறந்தால் முறியும். வால்பூவை மட்டும் நம்பவேண்டாம், குடம்பியாக இருக்கும்போதே அது கழன்றுபோவதுண்டு.

இரண்டும் ஓடும் நீருக்குரியவை, வாவிக்கரையில் தேடிப் பயனில்லை. மாரிமழை வெள்ளம் கல்லிலுள்ளதையெல்லாம் கழுவிவிடும், ஆகவே நீர் வடிந்த பிறகு போகவேண்டும். கல்லோயா தேசியப் பூங்காவுக்குள் அனுமதியில்லாமல் வெற்றுத்தோலும் எடுக்கக்கூடாது.

விஞ்ஞான ஆசிரியர், திருக்கோவில்

பாம்புச்சட்டை தெரியாத பிள்ளை இங்கே இல்லை. ‘தும்பிச்சட்டை’ என்றால் விளக்கமே தேவைப்படாது. கழற்றிப் போட்டது, வெறுமையானது என்ற இரண்டும் அதில் இருக்கிறது.

மாணவர், வந்தாறுமூலை

சட்டை என்றதும் உடுப்புத்தான் முதலில் நினைவுக்கு வரும். பழஞ்சொல்லே வேண்டுமென்றால் முல்லைப்பாட்டின் ‘மெய்ப்பை’ இருக்கிறது. மெய்யைப் பொதிந்த பை. உள்ளிருந்தது போனபின் பை மட்டும் மிச்சம்.

ஆசிரியர், திருக்கோவில்

தம்பி, மெய்ப்பைக்கு அடிக்குறிப்பு எழுதவேண்டிவரும். களத்தில் அடிக்குறிப்பு வாசிக்க யாரும் நிற்பதில்லை.

விஞ்ஞான ஆசிரியை, அக்கரைப்பற்று

எல்லோருக்கும் நன்றி. சட்டைக்கு நாலு பேர், உரிக்கு இரண்டு பேர். கையேட்டின் உள்ளே ‘தும்பிச்சட்டை’, பின்பக்கச் சொற்பட்டியலில் ‘தும்பியுரி’யும் சேர்த்துப் போடுகிறேன். செயல்முறையை இப்படிச் சுருக்கியிருக்கிறேன்: பிளவைப் பார், காய்ந்திருந்தால் ஒரு துளி நீர் விடு, சாவணத்தால் நெஞ்சுப்பகுதியைப் பிடித்து எடு, காலை இழுக்காதே. 70% அற்ககோலில் இடு, அல்லது உலர்த்திச் சிறு குப்பியில் வை. சீட்டில் திகதி, ஓடை, ஒட்டியிருந்த பொருள், நீர்மட்டத்திலிருந்து உயரம். பென்சிலால் மட்டும் எழுது, பேனா மை அற்ககோலில் கரையும்.

தமிழாசிரியர், மட்டக்களப்பு

அச்சுக்குப் போகட்டும், தடுக்கவில்லை. என் மறுப்பைப் பதிந்துவையுங்கள். மயக்கம் குடம்பையில் இல்லை, இளம்பருவத்துக்குக் குடம்பி என்று பெயர் வைத்ததில் இருக்கிறது. பூச்சியின் இளம்பருவத்துக்கு அணங்கு (nymph) என்ற சொல் புழக்கத்தில் இருக்கும்போது தும்பிக்கு ஏன் குடம்பி? அடுத்த பதிப்புக்கு முன் அதை எடுத்துக்கொள்வோம்.

விரிவுரையாளர், செங்கலடி

அணங்கு என்பதை எடுத்தால், நீரில் வளர்வதையும் நிலத்தில் வளர்வதையும் எப்படிப் பிரிப்பது, ஐயா? தனி இழையில் எழுதுங்கள்.