தேன்பெட்டியில் ராணி அறைகள் தொங்குகின்றன: வெட்டுவதா, கூட்டைப் பிரிப்பதா?

பாமன்கடை மாடி

வணக்கம். வீடு பாமன்கடைப் பக்கம், வாய்க்காலுக்குக் கிட்ட. மொட்டை மாடியில் ஒரு தேன்பெட்டி இருக்கிறது. அவிசாவளையில் இருக்கும் மாமா தந்தது. நம் ஊர்த் தேனீதான், இந்தியத் தேனீ என்பார்களே, அது. கீழ் அறையில் எல்லாச் சட்டத்திலும் அடை கட்டி முடிந்து தேனீ வழிகிறது. மேல் அறையிலும் தேன் சேரத் தொடங்கிவிட்டது. அக்கம்பக்கத்துத் தென்னை, மாம்பூ எல்லாம் சேர்ந்து தை பிறந்ததிலிருந்து நல்ல வரத்து.

இந்தக் கிழமை திறந்தபோது இரண்டு அடைகளின் அடி விளிம்பில் கச்சான் கோது மாதிரி தலைகீழாகத் தொங்கும் அறைகளைக் கண்டேன், புது ராணி வளரும் ராணி அறைகள். கருத்த, பெரிய கண்ணுள்ள தேனீக்களும் நிறையத் திரிகின்றன. அதைவிடப் பயமாக இருப்பது வேறொன்று: அடையின் ஓரத்தில் சில மூடிய அறைகள் கூம்பி நிற்கின்றன, ஒவ்வொரு மூடியின் நடுவிலும் மிகச் சின்னத் துவாரம். இணையத்தில் தேடினால் மூடியில் துவாரம் என்றால் புழு அழுகல் நோய் என்கிறார்கள்.

நோயா? இல்லை, கூட்டம் பிரியப் போகிறதா? ராணி அறைகளை வெட்டிவிட்டால் நிற்குமா? பக்கத்து வீட்டில் மூச்சுக் கஷ்டம் உள்ள பெரியவர் ஒருவர் இருக்கிறார். கூட்டம் போய் அவர்கள் யன்னலில் தொங்கினால் இந்தப் பெட்டியை நான் மறக்க வேண்டியதுதான். மாடியில் இன்னொரு பெட்டி வைக்க இடம் உண்டு, வெறும் பெட்டியும் உண்டு.

வத்தளை வளவு

துவாரத்துக்குப் பயப்பட வேண்டாம் தம்பி. அது ஆண் தேனீ அறை. நம் தேனீயின் ஆண் அறை மூடி அப்படித்தான் இருக்கும், கூம்பி, நடுவில் ஒரு துவாரத்தோடு. நீங்கள் படித்தது ஐரோப்பியத் தேனீக்கு எழுதினது. அழுகல் நோய் என்றால் மூடி உள்ளே குழிந்து கருத்திருக்கும், நாற்றமும் வரும். கருத்த பெரிய கண்காரர் ஆண்கள்தான்.

வெட்டுவதற்கு முதல் மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். ராணி அறைகள் மூடியிருக்கின்றனவா, திறந்திருக்கின்றனவா? மூடியிருந்தால் நுனியில் மெழுகைச் சுரண்டிக் கபில நிறம் தெரிகிறதா? மற்ற அறைகளின் அடியில் முட்டை இருக்கிறதா? முட்டை இல்லாத பெட்டியில் ராணி அறை எல்லாவற்றையும் வெட்டினால் மிஞ்சுவது ராணி இல்லாத கூடு.

கொட்டாஞ்சேனை 13

இதற்கெல்லாம் ஏன் இவ்வளவு யோசனை? வாசலில் ராணித் தடுப்புத் தகட்டைப் போட்டு விடுங்கள், வேலைக்காரத் தேனீ மட்டும் நுழையும் இடுக்குள்ள தகடு. ராணி வெளியே போக முடியாவிட்டால் கூட்டம் எப்படிப் போகும்? சரியாகிவிடும்.

பாமன்கடை மாடி

நன்றி அக்கா, நிம்மதி. மறுபடி பார்த்தேன். ராணி அறை ஐந்து. இரண்டு மூடியவை, நுனி இன்னும் மெழுகாகத்தான் இருக்கிறது. மூன்று திறந்தவை, உள்ளே வெள்ளைப் பாலில் புழு. நடு அடையில் முட்டை இருக்கிறது. ராணியைத்தான் காணவில்லை. தகடு என்னிடம் உண்டு, போடட்டுமா?

பண்டாரவளை ஐயா

தகட்டைப் போட வேண்டாம். ராணியை ஓரிரு நாள் மறிக்க அது உதவும், உள்ளே இருக்கும் எண்ணத்தை மாற்றாது. கூட்டம் கிளம்பும், ராணி வராததால் திரும்பி வரும், மறுநாள் மறுபடி கிளம்பும். ஆண் தேனீக்களும் அந்த இடுக்கில் நுழைய முடியாமல் செத்து வாசலை அடைக்கும். அதைவிட முக்கியம், புது ராணி வெளியே வந்துவிட்டால் அவள் இணை சேரப் பறந்து போயே ஆக வேண்டும். தகடு இருந்தால் அவள் கன்னியாகவே கிடந்து பெட்டி அழியும்.

இப்போது நாள் கணக்கு. ராணி அறையில் முட்டை மூன்று நாள், பிறகு ஐந்து நாள் புழு, எட்டாம் நாள் போல மூடுவார்கள், பதினாறாம் நாள் அளவில் ராணி வெளியே வருவாள். முதல் கூட்டம் பழைய ராணியோடுதான் போகும், அதுவும் முதல் ராணி அறை மூடும் நாட்களிலேயே, வெயிலான முற்பகலில். உங்களிடம் ஏற்கெனவே இரண்டு மூடிவிட்டன. அப்படியென்றால் நேரம் இல்லை, நாளைக்கே செய்யுங்கள்.

வெட்டினால் நிற்குமா என்றால், நிற்காது. நாலைந்து நாளில் வேறு இடத்தில் கட்டுவார்கள், நீங்கள் ஒன்றைத் தவறவிட்டால் போதும். நெருக்கடியும் தேன் வரத்தும் இருக்கும்வரை அந்த எண்ணம் போகாது. ஆகவே அவர்கள் செய்யப் போவதை நீங்களே முந்திச் செய்துவிடுங்கள்.

பழைய ராணி இருக்கும் அடையோடு, புழுவும் கூட்டுப்புழுவும் உள்ள இன்னும் இரண்டு அடை, தேன் அடை ஒன்று, ஒட்டியிருக்கும் தேனீக்களோடு வெறும் பெட்டிக்கு மாற்றி மாடியின் எதிர் மூலையில் வையுங்கள். அந்த அடைகளில் ஒரு ராணி அறைகூட இருக்கக் கூடாது. பழைய பெட்டி இருந்த இடத்திலேயே இருக்கட்டும். அதில் நேரான, பெரிய ராணி அறை ஒன்றை மட்டும் விட்டு மற்றதை எடுத்துவிடுங்கள். வெளியே போய் வரும் தேனீ எல்லாம் பழைய இடத்துக்கே திரும்பும். அதனால் ராணிப் பெட்டியில் இளம் தேனீ மட்டும் மிஞ்சும், நெருக்கடி போய்விடும், பிரியும் எண்ணமும் அடங்கும். ஆனால் தேன் கொண்டுவர ஆள் இருக்காது, சீனியும் தண்ணீரும் சம அளவில் கலந்து சில நாள் பின்னேரத்தில் உள்ளே வையுங்கள். வெளியே ஒரு துளி சிந்தினாலும் எறும்பும் மற்றக் கூட்டுத் தேனீயும் வந்துவிடும்.

ராணியைத் தேடும்போது பொச்சுமட்டைப் புகையை அள்ளிக் கொட்டாதீர்கள். நம் ராணி வெட்கக்காரி, புகை கூடினால் அடை விட்டு அடை ஓடிப் பெட்டிச் சுவரில் ஒளிவாள். காணவே முடியாவிட்டால் முட்டையும் புழுவும் இரண்டு பெட்டியிலும் இருக்கும்படி அடைகளைப் பிரித்து வைத்து, நாலு நாள் கழித்துப் பாருங்கள். புது முட்டை எதில் இருக்கிறதோ அதில்தான் ராணி. அந்தப் பெட்டியின் ராணி அறைகளை உடனே எடுத்துவிடுங்கள்.

நுகேகொடை புதியவள்

இடையில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். கூட்டம் பிரிவதும் பெட்டியை விட்டு முழுதாக ஓடிப் போவதும் ஒன்றா? எனக்குப் போன ஐப்பசி மழையில் ஒரு நாள் திறந்தால் பெட்டி காலி.

பண்டாரவளை ஐயா

இல்லை மகள். பிரிவது வளத்தினால், ஓடுவது வறுமையினாலோ தொல்லையினாலோ. பிரியும் கூட்டில் ராணி அறை, ஆண் தேனீ, நிறைந்த தேன் எல்லாம் இருக்கும், பாதிப் பேர் பின்னால் தங்குவார்கள். ஓடப் போகும் கூட்டில் ராணி அறை இருக்காது. ராணி முட்டையிடுவதைக் குறைப்பாள், புழு அடை சுருங்கும், தேனைக் குடித்துத் தீர்ப்பார்கள், பிறகு ஒருவரும் மிஞ்சாமல் போவார்கள். தொடர் மழையில் உணவில்லாமல் போவது, மெழுகுப் புழு, எறும்பு, அடிக்கடி திறப்பது, இவைதான் காரணம். ஐப்பசி, கார்த்திகையில் பெட்டியைப் பின்பக்கம் தூக்கிப் பாருங்கள், பாரம் குறைந்தால் சீனிப் பாகு வையுங்கள்.

பாமன்கடை மாடி

ஐயா, பிந்திவிட்டது! இன்று முற்பகல் வெறும் பெட்டியைக் கழுவிக் காயவைத்துக்கொண்டு நிற்கும்போதே ஒரே இரைச்சல், மாடி முழுதும் தேனீ. இப்போது எதிர்வீட்டு ஜம்பு மரத்தில், மதிலுக்கு மேல் எட்டும் உயரத்தில் ஒரு கிளையில் கூடித் தொங்குகின்றன. தெருவில் ஆட்கள் கூடிவிட்டார்கள். ஒருவர் பூச்சி மருந்து ரின்னோடு நிற்கிறார். எவ்வளவு நேரம் இருக்கும்? என்ன செய்வது?

வத்தளை வளவு

முதல் வேலை அந்த ரின்னை வாங்கி வையுங்கள். தண்ணீரும் அடிக்க வேண்டாம். தொங்கும் கூட்டம் வயிறு நிறையத் தேனோடு வந்திருக்கிறது, காக்கக் குஞ்சும் இல்லை, அதனால் சீண்டாவிட்டால் கொட்டாது. மருந்து அடித்தால்தான் தெருவெல்லாம் சிதறும். பெரியவர் வீட்டு யன்னல்களைச் சாத்தச் சொல்லுங்கள். யாருக்காவது கொட்டி மூச்சுத் திணறினாலோ உடம்பு முழுதும் தடித்தாலோ பார்த்துக்கொண்டு நிற்காமல் 1990 அம்புலன்சுக்கு எடுங்கள்.

சில மணி நேரமும் இருக்கும், ஒரு நாளும் இருக்கும். வேவு பார்க்கும் தேனீக்கள் ஒரு பொந்து கண்டுபிடித்தால் எழும்பிவிடும். ஆகவே இப்போதே பிடியுங்கள். வீட்டில் கடகம் இருக்கிறதா? அதைக் கூட்டத்துக்கு மேலே தொடும்படி கவிழ்த்துப் பிடித்து, கீழிருந்து மெல்லிய புகை காட்டுங்கள். தேனீ இருட்டை நோக்கி மேலே ஏறும். அவசரம் வேண்டாம். ராணி உள்ளே போய்விட்டால் விளிம்பில் சிலர் வாலைத் தூக்கிச் சிறகடிப்பார்கள், மற்றவர்கள் தாமாக வருவார்கள். கடகத்தை நிழலில் வைத்து, பொழுதுபடும்போது பெட்டிக்குள் தட்டிவிடுங்கள். பெட்டியில் பழைய கூட்டிலிருந்து மூடாத புழு உள்ள அடை ஒன்றைத் தேனீயை உதறிவிட்டு வையுங்கள், ராணி அறை இல்லாததாகப் பார்த்து. குஞ்சை விட்டு அவ்வளவு எளிதில் போக மாட்டார்கள்.

கொட்டாஞ்சேனை 13

இந்தப் பெட்டிக்காவது தகடு போடலாமா ஐயா?

பண்டாரவளை ஐயா

இதற்குப் போடலாம். உள்ளே இருப்பது முட்டையிடும் பழைய ராணி, அவள் பறக்க வேண்டியதில்லை. மூன்று நாலு நாள் போட்டு, புது அடை கட்டத் தொடங்கியதும் எடுத்துவிடுங்கள். பழைய பெட்டிக்கு மட்டும் எக்காரணம் கொண்டும் வேண்டாம்.

தம்பி, கூட்டம் போய்விட்டது, இனிப் பிரச்சினை இல்லை என்று இருக்காதீர்கள். பழைய பெட்டியில் ஐந்து ராணி அறையும் அப்படியே இருக்கின்றன. முதலில் வரும் கன்னி ராணியோடு இரண்டாம் கூட்டம், அடுத்தவளோடு மூன்றாம் கூட்டம் என்று போய்க் கடைசியில் கையளவு தேனீதான் மிஞ்சும். நாளைக்கே ஒன்றை விட்டு மற்றதை எடுங்கள். அறை உள்ள அடையைத் தலைகீழாகத் திருப்பவோ உதறவோ வேண்டாம், உள்ளே இருப்பவள் நொந்து போவாள். தேனீயை இறகால் ஒதுக்குங்கள்.

பாமன்கடை மாடி

பிடித்தாயிற்று! பொழுதுபட்டதும் பெட்டிக்குள் போட்டேன், வாசலில் சிறகடிக்கின்றன. ரின் வைத்திருந்தவர்தான் ஏணி பிடித்தார். பழைய பெட்டியையும் காலையில் பார்த்து ஒரு ராணி அறையை விட்டேன். இனி எப்போது திறக்கலாம்?

பண்டாரவளை ஐயா

நல்லது. பழைய பெட்டியை ஒரு பத்து நாள் கழித்து ஒரு தரம் பாருங்கள், அறை அடிப்பக்கம் வட்டமாகத் திறந்திருந்தால் ராணி நல்லபடி வந்துவிட்டாள். பக்கவாட்டில் கிழிந்திருந்தால் உள்ளேயே கொல்லப்பட்டாள். பிறகு இன்னும் இரண்டு கிழமை தொட வேண்டாம். பின்னேரத்தில் திறக்கவே வேண்டாம். 1976இல் கோனிகர், விஜயகுணசேகர என்ற ஆய்வாளர் இருவரும் இலங்கையிலேயே பார்த்து எழுதினார்கள்: நம் தேனீயின் ஆண்கள் பறப்பது பின்னேரம் 4.15 முதல் 5.15 வரைதான். கொம்புத் தேனீ நண்பகலில், மலைத் தேனீ ஆறு மணிக்குப் பிறகு. ராணியும் தன் இனத்து ஆண்களின் நேரத்தில்தான் போவாள். கொழும்பில் மார்ச் பிறந்தால் இடிமழை வருவதும் அந்த நேரம்தான். தொடர்ந்து பின்னேர மழை என்றால் இணை சேர்வது பிந்தும், சில ராணிகள் திரும்பி வருவதே இல்லை. மூன்று கிழமையிலும் முட்டை இல்லையென்றால் ராணிப் பெட்டியிலிருந்து முட்டை அடை ஒன்று கொடுங்கள். பிந்த வேண்டாம், நம் தேனீயில் வேலைக்காரிகள் சீக்கிரம் முட்டையிடத் தொடங்கிவிடுவார்கள். ஓர் அறையில் இரண்டு மூன்று முட்டை கண்டால் அதுதான்.

வேறு சந்தேகம் வந்தால் விவசாயத் திணைக்களத்தின் 1920க்கு எடுத்துக் கேளுங்கள். தேனீ வளர்ப்புப் பிரிவு எங்கள் ஊர் பிந்துனுவெவவில்தான் இருக்கிறது.

கிருலப்பனை

ஒன்று சேர்க்கிறேன். பெட்டிக் கால்களுக்கு எறும்பு ஏறாமல் கிண்ணத்தில் தண்ணீர் வைத்திருந்தால் மாற்றுங்கள். நுளம்புக் குடம்பி கண்டால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) வந்து உங்கள் மேல்தான் வழக்குப் போடுவார், அயலவர் முறைப்பாடு செய்யத் தேனீயே தேவையில்லை. கழிவு ஒயில் ஊற்றுங்கள். டெங்குப் புகை அடிக்க வருகிறார்கள் என்று அறிந்தால் தேனீ எழும்பும் முன் வாசலைக் கம்பி வலையால் மறைத்து, பெட்டி மேல் ஈரச் சாக்குப் போட்டு, புகை அடங்கியதும் திறந்துவிடுங்கள். மாடி வெயிலில் அடைத்து மறந்துவிட்டால் புகை கொல்லாததை வெக்கை கொல்லும்.

பாமன்கடை மாடி

பழைய பெட்டியில் முட்டை கண்டேன்! அறைக்கு ஒன்று, அடியில், நேராக. இரண்டு நாள் பின்னேர மழையில் பயந்துதான் இருந்தேன். கிண்ணத்துக்கு ஒயிலும் ஊற்றியாயிற்று.

பழைய ராணி இருக்கும் புதுப் பெட்டியை மாமாவிடமே அனுப்புகிறேன், அங்கே இறப்பர் துளிர்த்துத் தேன் வரத்தாம். பக்கத்து வீட்டாரிடமும் மாடியில் ஒரு பெட்டிதான் இருக்கும் என்று சொல்லிவிட்டேன். ஓட்டோவில் கொண்டுபோகலாமா?

வத்தளை வளவு

தாராளமாக. ராத்திரியில், எல்லாத் தேனீயும் உள்ளே வந்த பிறகு வாசலுக்கு வலை அடியுங்கள். மேல் மூடிக்குப் பதிலாகவும் வலை போட்டால் காற்று வரும். புது அடை மெல்லியது, சட்டங்கள் ஆடாமல் இடையில் தக்கை வையுங்கள். சட்டங்களின் நீளம் வண்டி போகும் திசையில் இருக்கட்டும், பிரேக் பிடித்தால் அடைகள் ஒன்றோடொன்று மோதாது. அவிசாவளை தூரம் என்பதால் திரும்பிப் பறந்து வந்துவிடும் என்ற பயமும் இல்லை. இறக்கி வைத்து அரை மணி நேரம் கழித்து வாசலைத் திறக்கச் சொல்லுங்கள், மாமா முன்னால் நிற்காமல் பக்கவாட்டில் நின்று.